செயலின் தொடரிலக்கணம்

ஸ்ரீரங்கத்தில் யாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தே பழைய மதிற்சுவர் ஒன்று உண்டு. காலை வெயில் அதன்மேல் விழும் நேரத்தில் அணில் ஒன்று தவறாது வந்தமர்ந்து தன் உடலைத் துடைத்துக்கொள்ளும். முதலில் முன்கால்கள் இரண்டையும் மூக்கின் பக்கத்தே கொணர்ந்து மிக விரைவாகச் சிறு வட்டங்களாகத் தேய்க்கும். பின்னர் மீசையை ஒருபுறமாக நீவும். அதன்பின் இரு கைகளையும் காதுகளுக்குப் பின்வரை உயர்த்தி முகம் முழுவதையும் வழித்துவிடும். இறுதியிலே உடலை வளைத்து விலாப்புறத்தை நக்கும். நன்னூலை மனனம் செய்துகொண்டு பின்கட்டிலே உலவிய நாட்களில் இதனைப் பன்முறை கண்டிருக்கின்றேன். ஆயினும், அச்செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு வரிசையிலே வருகின்றன என்பது என் கருத்திற் படவேயில்லை. விலங்கு நூற் பகுதியிற் பயிலும் நண்பர் ஒருவர் சொல்லிய பின்னரே அதனை உற்று நோக்கலானேன்.

தமிழ் மாணவன் ஒருவன் அணிலையும் எலியையும் பற்றி எழுதப் புகுந்தது என்னையென்று அன்பர்கள் வினவக்கூடும். விடை இரண்டு உண்டு. ஒன்று, இப்பொருளை ஆராய்ந்த அறிஞர்கள் தாமே இலக்கண நூலாரிடம் ஒரு சொல்லைக் கடன் வாங்கியுள்ளனர். விலங்கினது செயல் வரிசைக்கு அவர்கள் இட்ட பெயர் தொடரிலக்கணம் என்பதாம். மற்றொன்று எம் இல்லத்தைப் பற்றியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கென்ட் பெரிட்ஜ் என்பாரும் அவரோடு உழைத்தோரும், எலிகள் தம்மைத் துடைத்துக்கொள்ளும் முறையைப் படம் பிடித்து, ஒவ்வோர் அசைவாக நிறுத்தி நிறுத்தி எண்ணினர். எலி விழித்திருக்கும் பொழுதிற் கணிசமான பகுதியை இவ்வேலையிலேயே கழிக்கின்றது. அதிற் பெரும்பாலும் ஒழுங்கு ஒன்றும் இல்லை. தோன்றியவாறு தேய்த்தலும் நக்கலுமே. ஆனால் இடையிடையே, நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு கோவை தலைகாட்டுகின்றது. மூக்கினருகே ஐந்து முதல் ஒன்பது வரையிலான சிறு தேய்ப்புகள் ஒரு வினாடி அளவிற் கடுகி நிகழும். அவற்றைத் தொடர்ந்து ஒருபக்கமாகச் சில நீவல்கள். அதன்பின் இருகையாலும் பெருவீச்சாக முகம் வழித்தல். முடிவில் உடலைத் திருப்பி நக்குதல். ஏறக்குறைய இருபத்தைந்து அசைவுகள் ஒரு மாலை போலக் கோக்கப்பட்டுள்ளன. முதற் கட்டம் தொடங்கிவிட்டதாயின் எஞ்சிய மூன்றும் வருமென்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இத்தகைய வரிசை தற்செயலாக நேர்தற்குரிய அளவினும் 13,000 மடங்குக்கு மேல் நேர்கின்றதென்று அவர்கள் கணக்கிட்டனர். சுண்டெலி, கினிப்பன்றி, தரையணில் முதலிய பிற கொறிக்கும் விலங்குகளிலும் இவ்வமைப்பைச் சிறுசிறு வேறுபாடுகளுடன் கண்டனர். எலிக்கு இதனை எவரும் கற்பித்திலர். தாய்மொழி பேசுவான் ஒருவன் இலக்கண நூலைக் கண்ணாற் காணாமலே எழுவாயையும் பயனிலையையும் உரிய இடத்தில் வைத்துப் பேசுவது போல்வது இது.

இனி, சொல்லை அறிதல் வேறு, சொற்களைத் தொடராக்குதல் வேறு என்பதை நாம் அறிவோம். எழுத்ததிகாரமும் சொல்லின் பாகுபாடும் பிழையறக் கற்ற ஒருவன், நான்கு சொற்களை இணைத்து ஒரு முற்றுத்தொடர் ஆக்கமாட்டாது திகைப்பானென்று வைத்துக்கொள்வோம். அவன் வாயில் ஒவ்வொரு சொல்லும் செம்மையாகவே பிறக்கும். ஆனால் இரண்டாவது சொல்லோடு பேச்சு நின்றுவிடும், அல்லது வேறெங்கோ சென்றுவிடும். இத்தகைய குறை விலங்கின் செயலில் உண்டாகுமா? உண்டாகின்றது என்பதே வியப்பு.

மூளையின் மேற்பகுதிகளின் தொடர்பு துண்டிக்கப்பட்டு, அடித்தண்டு மாத்திரம் இயங்கும் எலிகளும் தம்மைத் துடைத்துக்கொள்ளவே செய்கின்றன. தேய்த்தலும் நீவலும் வழித்தலும் நக்குதலும் ஆகிய ஒவ்வொன்றும் உருக்குலையாமல் நிகழ்கின்றது. ஆயின் நான்கு கட்டக் கோவை முற்றுப்பெறுவது அருகிப்போகின்றது. ஆகவே அசைவுகளைப் பிறப்பிக்கும் இடம் கீழே உளது. அவற்றை வரிசையிலே நிறுத்தி முடிவு வரை கொண்டுசெலுத்துவது மேலே உளது என்று கொள்ளவேண்டியிருந்தது. அந்த மேலிடம் யாது? மூளையின் உட்புறத்தே அடிமுடிச்சுகள் எனப்படும் சில திரட்சிகள் உள. அவற்றுள் நரம்பிழைகள் ஊடுருவுதலால் வரிவரியாகத் தோன்றும் ஒன்றை ஈண்டு வரிமுடிச்சு என்று வழங்குவோம். 1996-இல் குரோம்வெல் என்பாரும் பெரிட்ஜும் இவ்வரிமுடிச்சின் வெவ்வேறிடங்களிற் சிறு ஊறுகள் செய்து பார்த்து, அதன் முன்பக்கத்து மேற்புறத்தில் ஒரு சிற்றிடம் பழுதுபட்டாற்றான் கோவை சிதைகின்றதென்று காட்டினர். மூளையின் பிறவிடங்களில் அதனினும் பெரிய ஊறு செய்தபோதும் இவ்வகைக் குறை தோன்றிற்றில்லை.

வரிமுடிச்சு தானே தனித்து இயங்குவதன்று. நடுமூளையிலே கரிய நிறமுடைய ஒரு பகுதியிலிருந்து நரம்பிழைகள் புறப்பட்டு அதனுட் பரவுகின்றன. அவ்விழைகளின் நுனிகளிலிருந்து சுரக்கும் பொருளே டோபமின். உணவின் புரதத்திலிருந்து கிடைக்கும் டைரோசின் என்பது முதலில் லெவோடோபாவாகவும், பின்னர் டோபமினாகவும் மாறுகின்றது. இந்நரம்பணுக்களை மாத்திரம் தேர்ந்து அழிக்கும் நஞ்சொன்று உண்டு. அதனைப் பயன்படுத்தும் முறையைச் சுவீடன் நாட்டு உங்கர்ஸ்டெட் என்பார் 1968-இல் வகுத்தார். அந்நஞ்சினைக் கரும்பகுதியிற் செலுத்திப் பெரிட்ஜ் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இக்கட்டுரைக்கு உயிர்நிலை. வரிமுடிச்சு ஊறுபட்டால் நேரும் குறையே, அம்முடிச்சு முழுமையாக இருந்தும் டோபமின் வாராதபோதும் நேர்ந்தது. எலி முகத்தைத் தேய்த்தது, உடலை நக்கிற்று, ஆனால் கோவையைத் தொடங்கி இடையிலே விட்டுவிட்டது. சொற்கள் இருந்தன, தொடர் இல்லை.

டோபமின் மிகுந்தால் என்னாகும்? 2005-இல் அதே அறிஞர் குழாம், டோபமினை மீட்டு உள்வாங்கும் கருவி குறைவாக அமையுமாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவற்றின் மூளையில் டோபமின் அளவுக்கு மிஞ்சித் தங்கியிருக்கும். அச்சுண்டெலிகள் கோவையை முன்னினும் அழுத்தமாகப் பற்றிக்கொண்டன. இடையூறு நேர்ந்தும் விடாது முடித்தன. வேறு செயல்களுக்கிடையே தொடங்கினும் மாறாது ஒரே அச்சாக நிகழ்த்தின. இது நலமன்றோ என்று தோன்றலாம். ஆனால் எத்தொடரைத் தொடங்கினும் நெகிழாது ஒரே வாய்பாட்டில் முடிப்பவன் பேச்சு எத்தகைத்தாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க. செய்ததையே செய்துகொண்டிருக்கும் சில மனநோய்களின் கூறு இங்கே தென்படுகின்றதென்று அவர்கள் கருதினர்.

தனி நரம்பணுக்களின் பேச்சையே கேட்டுப் பார்த்தவர்களும் உளர். ஆல்ட்ரிட்ஜும் பெரிட்ஜும் 1998-இல் வரிமுடிச்சின் அணுக்களை மெல்லிய மின்கம்பி கொண்டு உசாவினர். ஓர் அணு, கோவைக்குள் நிகழும் தேய்ப்புக்கு எழுச்சியுறுகின்றது. அதே தேய்ப்புக் கோவைக்குப் புறம்பே நிகழுமாயின் வாளாவிருக்கின்றது. கை அசைவு ஒன்றே. அஃது எவ்விடத்தில் நிற்கின்றதென்பதையே அவ்வணு பொருட்படுத்துகின்றது. நம் வேற்றுமையுருபை நினைந்துகொள்க. பெயர் மாறாதிருக்கவும் தொடரில் அதன் தொழில் மாறுகின்றதன்றோ? 2010-இல் ஜின், கோஸ்டா என்னும் இருவர், கற்பிக்கப்பட்ட வரிசைகளிலும் இதற்கொத்த ஒன்றைக் கண்டனர். ஒரு நெம்புகோலை எட்டு முறை அழுத்தினாற்றான் இனிப்பு நீர் கிடைக்குமென்று சுண்டெலிகளைப் பழக்கினர். பழகப் பழக, வரிமுடிச்சிலும் டோபமின் சுரக்கும் அணுக்களிலும், அழுத்து வரிசையின் தொடக்கத்தில் மாத்திரம் எழுவனவும் முடிவில் மாத்திரம் எழுவனவும் தோன்றலாயின. இடையிலுள்ள ஒவ்வோர் அழுத்துக்கும் அவை கவலைப்படவில்லை. ஏட்டுச்சுவடியில் முற்றுப்புள்ளி இல்லாமையால் நாம் படும் பாட்டை அறிந்தவர்க்கு, அவ்வணுக்களின் தொழில் எத்துணை இன்றியமையாதது என்பதை விரித்துரைக்க வேண்டா.

இதிற் கருத்து வேற்றுமையும் உண்டு. டோபமின் வரிசையைக் காப்பதன்று, செயலுக்கு வேண்டிய முனைப்பைத் தருவதே என்பார் பலர். அவர்க்குச் சான்றாவது 1995-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் பால்மிட்டர் என்பாரும் அவர் மாணாக்கரும் உண்டாக்கிய சுண்டெலி. அது டோபமினை அறவே ஆக்கமாட்டாது. பிறந்து சில வாரங்களில் அது நடமாட்டம் ஒடுங்கி, உணவு அருகிலிருந்தும் உண்ணாது மெலிந்து மடிகின்றது. வாயில் இட்டால் விழுங்கும். லெவோடோபாவை ஊசி வழியாகக் கொடுத்தால் எழுந்து நடந்து தானே உண்ணும். இங்கே வரிசை முறிந்தது என்பதினும், தொடங்கும் உந்துதலே அற்றதென்பது பொருத்தமாகும். யான் இருசாராரையும் படித்தபின் எண்ணுவது இது: முற்றும் இழந்தவிடத்து உந்துதல் அழிகின்றது, ஓரளவு இழந்தவிடத்து, உந்துதல் எஞ்சியிருக்கவும் தொடர்ச்சி அறுகின்றது. கோவையைத் தொடங்கிய எலி சோம்பியதன்று. அது வேறு முறையில் துடைத்துக்கொண்டேயிருந்தது. இதனை முனைப்பின் குறையென்று மாத்திரம் சொல்லிவிட இயலுமா?

டோபமினுடைய வரலாற்றில் நம் நாட்டு மூலிகைகள் இரண்டிற்கு இடம் உண்டென்பது பலர் அறியாத செய்தி. ஒன்று சர்ப்பகந்தி. பித்துக்கும் உறக்கமின்மைக்கும் நம் மருத்துவர்கள் நெடுங்காலமாக அதன் வேரைக் கொடுத்துவந்தனர். 1931-இல் கல்கத்தாவில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும் அது குருதியழுத்தத்தைத் தணித்தலையும் மனநோயில் அதன் பயனையும் எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கீ அவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் 1952-இல் அவ்வேரின் முதன்மைச் சத்தாகிய ரிசர்ப்பின் பிரிக்கப்பட்டது. 1957-இல் சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன், ரிசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்தார். அவை காது தொங்கி, உடல் தளர்ந்து, தொட்டாலும் அசையாது கிடந்தன. மூளையிற் செரோட்டோனின் என்னும் பொருள் குறைந்ததே காரணமென்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். செரோட்டோனின் ஆதற்குரிய முற்பொருளைக் கொடுத்தும் முயல்கள் எழவில்லை. லெவோடோபாவைக் கொடுத்தார், சிறிது நேரத்திற் காதுகளை நிமிர்த்து எழுந்து நடந்தன. அதுவரை வேறொன்று ஆதற்கு வழிப்பொருளென்று மாத்திரம் எண்ணப்பட்டிருந்த டோபமின், மூளையிலே தனித்தொழில் உடையதென்று விளங்கத் தொடங்கியது அக்காலத்தேதான். இதன் பொருட்டு 2000-ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

மற்றொன்று நம் வேலியோரங்களிற் படரும் பூனைக்காலி. அதன் காயின்மேலுள்ள பழுப்பு மயிர் மேலிற் பட்டால் எத்துணை அரிக்குமென்பதைக் காவிரிக்கரைச் சிறுவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. பள்ளிப்பருவத்தில் அதனைப் பிறர் சட்டைக்குள் தூவியவருள் யானும் ஒருவன். அதன் வித்திலிருந்து லெவோடோபாவைத் தூய நிலையிற் பிரித்தெடுத்தவர்கள் சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியற் கூடத்தில் உழைத்த தாமோதரன், இராமசாமி என்னும் இருவர். அவர்கள் கட்டுரை 1937-இல் இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளிவந்தது. அதற்கு முன்னரே ஐரோப்பாவில் அவரையினத்து வேறொரு வித்திலிருந்து அப்பொருள் 1913-இற் பெறப்பட்டிருந்தது உண்மையே. எனினும், கார்ல்சனுடைய முயல்கள் எழுந்து நடப்பதற்கு இருபதாண்டு முன்னர், அம்முயல்களை எழுப்பிய பொருளே சேப்பாக்கத்துக் குப்பியொன்றிற் படிகமாய்க் கிடந்தது. அதனை எதற்குப் பயன்படுத்துவதென்று அந்நாளில் உலகில் எவருக்கும் தெரியாது. அவ்விருவர் மீது குறை கூற இடமில்லை.

பயன் 1960-இல் தெரியலாயிற்று. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் விவரித்த நடுக்குவாத நோயால் இறந்தோருடைய மூளைகளை, வியன்னா நகரத்தில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும் ஆராய்ந்து, வரிமுடிச்சில் டோபமின் பெரிதும் குறைந்திருத்தலைக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே நோயாளர்க்கு லெவோடோபா செலுத்தப்பட்டது. 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் என்பார், சிறுகச் சிறுக அளவை உயர்த்தி வாய்வழியாகக் கொடுக்கலாமென்று காட்டினார். டோபமினையே நேரே கொடுத்தாலாகாதோ எனின், ஆகாது. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடையை அது கடவாது. அதன் முற்பொருளாகிய லெவோடோபா கடக்கும்.

எலியிற் கண்ட குறையே மக்களிடத்தும் உளதென்பதற்கு, இலண்டனில் பெனெக்கேயும் பிறரும் 1987-இல் வெளியிட்ட ஒரு சோதனை தக்க சான்று. கையை மடக்குதல், விரல்களால் இறுகப் பிடித்தல் என்னும் இரண்டைத் தனித்தனியே செய்யச் சொல்லினர். நோயாளர் சற்று மெதுவாகச் செய்தனர். ஒன்றை முடித்து உடனே மற்றதைச் செய்க என்றபோது, ஒவ்வோர் அசைவும் முன்னினும் மெதுவாயிற்று; இரண்டிற்கும் நடுவே இடைவெளியும் நீண்டது. புணர்ச்சியிலே தான் இடர்ப்பாடு.

இவற்றை யான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பாட்டனார். முப்பதாண்டு தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் சட்டை அணிவதில் அவருக்குத் தாமதம் உண்டாயிற்று. கையை நுழைப்பார், பொத்தானைப் பிடிப்பார், பிடித்தபடியே நிற்பார். "ஏன் நிற்கிறீர்கள்?" என்றால், "அடுத்தது வரவில்லை" என்பார். அத்தை அதனைப் பிடிவாதமென்று எண்ணினார். யானும் ஒருநாள், பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சினந்து அவர் கையைத் தட்டிவிட்டு, யானே பொத்தான்களை மாட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கை நடுக்கம் பெரிதாக இல்லாமையால் நோயென்று எவருக்கும் தோன்றவில்லை. ஓராண்டு கழித்தே மருத்துவர் பெயர் சொன்னார். டோபமின் பெரும்பகுதி குறைந்த பின்னரே குறிகள் வெளிப்படும் என்றும், அவை நடுக்கமாகவே தொடங்க வேண்டுமென்பதில்லை என்றும் அன்றுதான் அறிந்தோம்.

அவரிடம் ஒரு விந்தையும் உண்டு. கூடத்திலிருந்து வாயிலுக்கு வரும்போது நிலைப்படியருகே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவார். ஆனால் மாடிப்படிகளில் தடையின்றி ஏறுவார். எதிர்வீட்டார் வாசலிற் காவியும் வெள்ளையும் மாறிமாறி இட்ட கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி இளைஞனைப்போல நடப்பார். மலைக்கோட்டையின் 400-க்கு மேற்பட்ட படிகளிற் பாதியளவு ஏறிவிடுவேன், தெப்பக்குளத்துச் சமதளத்தில்தான் நின்றுவிடுவேன் என்று நகையாடுவதும் உண்டு. இந்நோயில் இஃது எங்கும் காணப்படுவதே. தரையிற் குறுக்குக் கோடுகள் இடின் நோயாளர் நன்கு நடப்பரென்று பர்டன் மார்ட்டின் என்னும் மருத்துவர் 1967-இல் எழுதினார். உள்ளிருந்து வர வேண்டிய "அடுத்தது" என்னும் குறிப்பு வாராதபோது, கண்ணுக்கு எதிரே நிற்கும் கோடு அதனைத் தருகின்றதென்று கொள்ளலாம். எம் கூடத்துத் தரையில் இப்பொழுது வெள்ளை நாடாக்கள் ஓரடிக்கு ஒன்றாக ஒட்டப்பட்டுள்ளன. பொத்தானுக்கு வேறு வழி கண்டோம். அத்தை அருகிலிருந்து ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லுவார்.

பூனைக்காலிப் பொடியை வாங்கிக் கொடுங்களென்று உறவினர் பலர் சொல்லினர். 2004-இல் இலண்டனில் எட்டு நோயாளரிடம் நிகழ்ந்த சோதனையில் அவ்வித்தின் பொடி விரைந்து பயன் தந்தது உண்மையே. ஆனால் வித்துக்கு வித்து லெவோடோபாவின் அளவு வேறுபடும். மாத்திரையோடு அதனையும் சேர்த்து உண்டால் அளவு மிகுந்து வாந்தியும், தாமாக எழும் கைகால் அசைவுகளும் நேரும். எம் மருத்துவரைக் கேட்டோம், வேண்டாமென்றார், விட்டோம்.

பாட்டனார் கையெழுத்தும் வரிதோறும் சிறுத்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் நெல்லளவான எழுத்து வரியின் இறுதியில் கடுகளவாகிவிடும். தாளில் இரட்டைக் கோடு இட்டுக் கொடுத்தால் எழுத்துப் பருமன் குறையாது நிற்கின்றது. இக்கட்டுரையின் முதற்படியை அவ்வாறு கோடிட்டே கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார். மூன்றிடங்களில் வலிமிகும் என்று கோடுகளுக்கிடையே தெளிவாகக் குறித்திருந்தார். நான்காவது குறிப்பு கோடில்லாத ஓரத்தில் இருந்தது. அதனைப் படிக்க என்னால் இயலவில்லை. கேட்டதற்கு, தாமும் மறந்துவிட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.